அந்தப் படத்தில் இருப்பது டி-55 இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் 'காயலான் கடையிலிருந்து போர்க்களத்துக்கு' என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. உக்ரைன் போரில் தாத்தா காலத்து ஆயுதங்களெல்லாம் வந்து நிற்பதைப் பற்றிய கட்டுரை. முதலில் ஒரு திருத்தம், அப்புறம் என் வழக்குக்கு வருகிறேன். பெரிய படத்துக்குக் கீழே 'டி-55' என்று போட்டிருக்கிறீர்கள். அது டி-62. இரண்டும் பழைய சோவியத் டாங்கி ரகங்கள்.

இரண்டுக்கும் பக்கத்துக்கு ஐந்து சக்கரம்தான், அதனால் குழப்பம் வருவது சகஜம். டி-55இல் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும், முன்பல் விழுந்த குழந்தை சிரிக்கிற மாதிரி. டி-62இல் முன் மூன்றும் ஒட்டி நிற்கும். பின்னால் உள்ள சக்கரங்களுக்கு நடுவில்தான் சந்து. அதிலும் சந்தேகம் என்றால் குழலைப் பாருங்கள். சுட்ட புகை உள்ளே திரும்பாமலிருக்க ஒரு தடித்த உருளை மாட்டியிருப்பார்கள். டி-55இல் அது குழலின் வாயிலேயே இருக்கும். டி-62இல் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும். உங்கள் படத்தில் இரண்டு அடையாளமும் தெளிவாகத் தெரிகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கட்டுரை முழுக்க டாங்கியைப் 'பீரங்கி' என்றே எழுதியிருக்கிறீர்கள். பீரங்கி என்பது வண்டியில் கட்டி இழுத்துப் போவது. வாசகர் எதை எதுவென்று நினைப்பார்?

இவன் யார் இதைச் சொல்ல என்று கேட்கலாம். நான் ராணுவத்தில் வாகனப் பழுது பார்க்கும் பிரிவில் 17 ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். அதில் பெரும்பகுதி டி-55 டாங்கிகளின் அடியில் மல்லாந்து படுத்தே கழிந்தது. அதனால் 'காயலான் கடை' என்ற வார்த்தை எனக்குக் கொஞ்சம் உறைத்தது. உறைத்ததற்காக மட்டும் எழுதவில்லை. கட்டுரை சிரித்த இடம் சரியில்லை என்று படுகிறது.

ஒரு டாங்கி நெடுநாள் நின்றால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஒருமுறை, பல வருடம் கொட்டகையில் நின்ற ஒன்றைக் கிளப்பச் சொன்னார்கள். வெளியே பார்த்தால் தூசி தட்டினால் போதும் போல இருந்தது. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. 36 டன் எஃகு, அது எங்கே போகப்போகிறது? ரப்பர்தான் போயிருந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் இருந்த சீல் கையில் எடுத்தால் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. எலி ஒன்று வயர் உறைகளைக் கடித்து, அந்தத் துணுக்குகளாலேயே ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கூடு கட்டியிருந்தது. பழைய டீசலை இறக்கினோம், அடியில் கறுப்பாகக் கூழ். ஹோஸ், பெல்ட், பேட்டரி என்று மாற்றி முடிக்க பதினோரு நாள் ஆனது. பிறகு ஆயில் பம்பைத் தனியாக ஓட்டி, அழுத்தமானியின் முள் இரண்டைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பேரிங் போய்விடும். டி-55இல் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பேட்டரி கைவிட்டாலும் உருளையில் அடைத்து வைத்த காற்றைத் திறந்துவிட்டு எஞ்சினைச் சுழற்றலாம். அன்று அப்படித்தான் கிளப்பினோம். நீளமாக ஒரு சீறல், நாலைந்து தும்மல், இடது பக்கப் புகைவாயிலிருந்து வெள்ளைப் புகை, அது கறுத்து, அப்புறம் சன்னமாகி, எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அதைக் கேட்டவனுக்கு அந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போட மனசு வராது.

இதனால்தான், 2023 மார்ச்சில் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் அர்செனியெவ் கிடங்கிலிருந்து டி-54, டி-55 டாங்கிகள் ரயிலேறிய படங்கள் வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த எஞ்சினுடைய பரம்பரையைத் தெரிந்தால் உங்கள் கட்டுரையாளருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது. 1930களில் சோவியத்தில் உருவான வி-2 என்ற 12 சிலிண்டர், 38.8 லிட்டர் டீசல் எஞ்சின். டி-34இல் 500 குதிரைத்திறனோடு ஓடியது. டி-55இல் 580. டி-72இல் 780. இன்றைய டி-90இல் இருப்பதும் அதே வம்சம்தான். ஒன்றைக் கழற்றத் தெரிந்தவனுக்கு மற்றதில் பாதி தெரிந்த மாதிரி. ஒரு டாங்கியின் வயதை அது செய்யப்பட்ட வருடத்தை வைத்துச் சொல்வதைவிட, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் பட்டறைக் கணக்கு.

இதற்கு இன்னும் வேடிக்கையான சாட்சி 2014இல் கிடைத்தது. கிழக்கு உக்ரைனில் கொஸ்தியான்தினிவ்கா என்ற ஊரில், நினைவுச் சின்னமாகப் பீடத்தின்மேல் ஏற்றி வைத்திருந்த ஐ.எஸ்-3 டாங்கியைப் பிரிவினைவாதப் படையினர் கிளப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். 1945 செப்டம்பரில் பெர்லின் வெற்றி அணிவகுப்பில் உலகம் முதன்முதலாகப் பார்த்த ரகம் அது. மழையிலும் பனியிலும் நின்ற சிலை. அந்த வீடியோவில் எல்லோரும் டாங்கியைப் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தது எஞ்சின் மூடியின்மேல் குனிந்து நின்ற ஆட்களை. அவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது. பிறகு உக்ரைன் படை அதைக் கைப்பற்றியது வேறு விஷயம்.

சரி, வண்டி கிளம்பிவிட்டது. தீனி வேண்டுமே? உங்கள் கட்டுரை மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைப் பார்த்து ரொம்பச் சிரித்தது. 1884இல் கண்டுபிடித்தது, சக்கரம் வைத்தது, குழலைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டியது என்று. எல்லாம் உண்மை. ரஷ்யர்களின் 1910 வகையைச் சட்டத்தோடு சேர்த்துத் தூக்கினால் 60 கிலோவுக்கு மேல். அதைச் சுமந்துகொண்டு யாரும் ஓட முடியாது. ஆனால் அது சுடும் தோட்டா எது என்று கட்டுரையில் எங்கேயும் இல்லை. 1891இல் மோசின் துப்பாக்கிக்காக வந்த 7.62 மி.மீ. விளிம்புத் தோட்டா. அதே தோட்டாவைத்தான் இன்றைய பி.கே.எம். இயந்திரத் துப்பாக்கியும் டிராகுனோவ் துப்பாக்கியும் சுடுகின்றன. இன்றும் தொழிற்சாலைகளில் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே மாக்சிமுக்குப் பசி இல்லை. உக்ரைனில் பாக்முத் போன்ற இடங்களில், பதுங்குகுழிக்குள் ஓரிடத்திலேயே உட்கார்ந்து எதிரே வரும் காலாட்படையை மணிக்கணக்கில் தடுக்க வேண்டுமென்றால், குழல் சூடேறிச் சிவக்காத துப்பாக்கி வேறு எது? காற்றில் ஆறும் துப்பாக்கிக்கு நடுநடுவே குழலை மாற்ற வேண்டும். மாக்சிமுக்குத் தண்ணீர் கொதித்து வற்றினால் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் போதும். பிற்கால வகையில் பெரிய வாயுள்ள மூடியே வைத்திருக்கிறார்கள். பனியை அள்ளிப் போட்டுவிடலாம். இப்போது இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டி, வண்டியில் ஏற்றி, விளக்கும் மாட்டி, இரவில் வரும் ட்ரோன்களைச் சுடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதை சிரியாவில். 2012இல் அலெப்போ பக்கம் கிளர்ச்சியாளர்கள் ஒரு கிடங்கைப் பிடித்தார்கள். உள்ளே ஜெர்மானியர்களின் எஸ்.டி.ஜி. 44 துப்பாக்கிகள், 5,000 வரை என்று பேச்சு. கலாஷ்னிகோவுக்கு முந்தைய, அந்த ரகத்துக்கே முன்னோடியான துப்பாக்கி. வயதில் மாக்சிமைவிட எவ்வளவோ இளையது. ஆனால் அதன் குட்டைத் தோட்டா வேறு எந்தப் படையும் இப்போது பயன்படுத்தாத அளவு. கையிருப்பு தீர்ந்தால் அது இரும்புத் தடிதான். எது காலாவதி என்று கேட்டால் நான் இந்த இளையதைத்தான் காட்டுவேன்.

ஜெர்மனியின் கெபார்ட் வண்டிக்கும் இதே தொல்லை வந்தது. இரட்டைக் குழல், 35 மி.மீ., ரேடாரோடு கூடிய விமான எதிர்ப்பு வண்டி. 1970களில் வந்தது. ஜெர்மன் படை 2010 வாக்கில் ஓய்வு கொடுத்துவிட்டது. 2022இல் உக்ரைனுக்குப் போனதும், தாழ்வாக மெதுவாக வரும் ரஷ்யாவின் ஷாஹெட் தாக்குதல் ட்ரோன்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஆயுதம் கிடைக்கவில்லை. லட்சக்கணக்கான டாலர் ஏவுகணையை விரயம் செய்ய வேண்டியதில்லை. தடங்கல் எங்கே வந்தது தெரியுமா? குண்டில். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் செய்த குண்டுகளை மறுபடி அனுப்ப அனுமதி மறுத்தது. ஜெர்மனியில் தயாரிப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

உங்கள் கட்டுரை 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று முடிந்திருந்தது. பழமொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய ஆயுதத்தைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் வல்லமையால் கொண்டுவரவில்லை, புதியது தீர்ந்துபோனதால் கொண்டுவருகிறார்கள். கொண்டுவந்த பிறகு அதன் வேலையை மாற்றிவிடுகிறார்கள். டி-55ஐ இப்போது டாங்கிக்கு எதிராக நிறுத்துவது அபூர்வம். எதிரி கண்ணில் படாத தூரத்தில் வைத்து, பீரங்கி மாதிரி மேல்நோக்கிச் சுடவைக்கிறார்கள். (இங்கே மட்டும் உங்கள் 'பீரங்கி' சரி!) அதிலும் ஒரு சிக்கல்: அதன் குழல் 18 டிகிரிக்கு மேல் நிமிராது. அதனால் மண்ணைச் சரிவாக வெட்டி, வண்டியின் மூக்கை அந்தச் சரிவில் ஏற்றி நிறுத்த வேண்டும். இது எந்தக் கையேட்டிலும் புதிது இல்லை. டாங்கிப் படைகள் எப்போதிருந்தோ செய்வதுதான்.

இன்னொரு வேலைமாற்றத்தை 2023 ஜூனில் கிழக்கு உக்ரைனின் மாரின்கா அருகே பார்த்தோம். ரஷ்யப் படையினர் பழைய டாங்கிக்குள் டன் கணக்கில் வெடிமருந்தை நிரப்பி, ஆள் இல்லாமல் எதிரி வரிசையை நோக்கி ஓடவிட்டார்கள். வழியில் கண்ணிவெடியில் சிக்கி நின்று, அங்கேயே வெடித்தது. அதிர்ச்சி அலை வீடியோவில் வட்டமாகத் தெரிந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன் இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அதை இவ்வளவு கொடூரமாக யாரும் நிரூபித்ததில்லை. 2020இல் நாகோர்னோ-கராபாக் போரில் அஜர்பைஜான் செய்தது இதற்குத் தம்பி. 1947இல் முதன்முதலாகப் பறந்த ஏ.என்.-2 என்ற இரட்டை இறக்கை விமானங்களை ஆளில்லாமல் அனுப்பியது. ஆர்மீனியரின் வான்பாதுகாப்பு அவற்றைச் சுட, சுட்ட இடம் வெளிப்பட, மேலே காத்திருந்த ட்ரோன்கள் அந்த இடத்தை அடித்தன. பழைய விமானம் சுடப்படுவதற்காகவே பறந்தது.

பழையது புதியதை வீழ்த்தியதும் உண்டு. 1999 மார்ச் 27 இரவு, ரேடாருக்குத் தெரியாது என்று பெயர் வாங்கிய அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தை செர்பியாவில் வீழ்த்தியது, 1961இல் படையில் சேர்ந்த ரகமான எஸ்-125 ஏவுகணை. அந்தப் படைப்பிரிவின் தளபதி சோல்தான் தானி. நீளமான மீட்டர் அலையில் வேலை செய்யும் பழைய பி-18 ரேடாரைத்தான் தேடுவதற்கு வைத்திருந்தார். எதிரி மோப்பம் பிடிக்காமலிருக்க ரேடாரைச் சில விநாடிகள் மட்டும் போட்டு அணைப்பது, உடனே இடம் மாறுவது என்று தன் ஆட்களைப் பிழிந்து பழக்கியிருந்தார். பிற்காலத்தில் அவர் ரொட்டிக் கடை நடத்தினார் என்பதும், அன்று தன்னால் வீழ்த்தப்பட்ட விமானிக்கே நண்பரானார் என்பதும் எனக்குப் பிடித்த செய்திகள்.

அதே கணக்கின் இன்னொரு பக்கம் ஃபாக்லாந்து. 1982 மே 2 அன்று பிரிட்டனின் 'கான்கரர்' என்ற அணுசக்தி நீர்மூழ்கி, அர்ஜென்டினாவின் 'ஜெனரல் பெல்கிரானோ'வை மூழ்கடித்தது. அந்தக் கப்பல் முன்பு 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தது. 1941இல் பேர்ல் துறைமுகத் தாக்குதலில் கீறல் படாமல் தப்பியது. நீர்மூழ்கியில் புத்தம் புதிய டைகர்ஃபிஷ் டார்பிடோக்கள் இருந்தும், நம்பிக்கை இல்லாமல், 1920களில் வடிவமைத்த மார்க் 8ஐத்தான் கேப்டன் எடுத்தார். மூன்று விட்டார்கள், இரண்டு பட்டன. 323 பேர் இறந்தார்கள். பழைய கப்பல், பழைய டார்பிடோ, சாவு மட்டும் அன்றைய தேதிக்கு.

இனி, என்னை எழுத வைத்த விஷயம். கட்டுரையின் நடுவே ஒரு வரி: 'இந்த ஓட்டை டாங்கிகளால் என்ன செய்துவிட முடியும்?' எதிரே நிற்கும் சிப்பாய்க்கு 100 மி.மீ. குண்டு 1950இல் செய்ததா 2020இல் செய்ததா என்று தெரியாது. அதை விடுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

டி-55இல் நான்கு பேர். குண்டு நிரப்புகிறவன் குழலுக்கு வலப்பக்கம் நிற்பான், அதாவது கூனிக்கொண்டு. குண்டு ஒன்று 30 கிலோ அளவு. அந்த இடத்தில் அதை இடக்கையால் தள்ளி உள்ளே செருக வேண்டும். நான் பழுது பார்க்கப் போகும்போது வேடிக்கைக்காக ஒருமுறை செய்து பார்த்தேன். வண்டி நின்றிருந்தபோதே மூன்றாவது குண்டில் என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே மற்ற குண்டுகளும் எரிபொருளும். இரவில் பார்ப்பதற்குக் குழலின் பக்கத்தில் ஓர் அகச்சிவப்பு விளக்கு உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, அன்றைக்கு அது பெரிய விஷயம். இன்று எதிரில் இருப்பவன் கையில் இரவுக் கண்ணாடி இருந்தால், அந்த விளக்கைப் போட்ட கணமே நாம் திருவிழா மாதிரி ஜொலிப்போம். விளக்கைப் போடாவிட்டாலும் வெப்பத்தைப் பார்க்கும் கருவிக்குப் பின்பக்க எஞ்சின் பல கிலோமீட்டருக்கு அடுப்பாகத் தெரியும். அவன் நம்மைப் பார்க்கிறான், நாம் அவனைப் பார்ப்பதில்லை. மேலேயிருந்து விழும் ட்ரோனுக்கு எல்லா டாங்கியின் கூரையும் மெல்லியதுதான், அதில் புதிய டி-90க்கும் பெரிய சலுகை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதியதில் இருப்பவனுக்குத் தப்பிப்பதற்குள் ஒரு முறை சுடவாவது வாய்க்கும்.

2022இல் தோனெட்ஸ்க் பகுதியில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப் பிடித்துக் கொண்டுபோன ஆட்கள் கையில் 1891 மாடல் மோசின் துப்பாக்கியோடு நின்ற படங்களை உங்கள் இணைப்பிலும் போட்டிருக்கிறீர்கள், 'அருங்காட்சியகம்' என்று பெயர் வைத்து. அந்தப் பையன்களில் ஒருவன் தோள்பட்டையைப் பார்த்தேன். வார்ப்பட்டை இல்லாமல் ஒரு கயிற்றைக் கட்டி மாட்டியிருந்தான். ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய துப்பாக்கி. எதிரே இருப்பவன் அதற்குள் முப்பது தோட்டா சுட்டுவிடுவான். அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால், டாங்கியின் பெயரைச் சரி பார்க்க வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், சக்கரத்தை எண்ணிச் சொல்கிறேன். தாமதமானாலும் பரவாயில்லை, வரும் ஞாயிறு திருத்தம் மட்டும் போட்டுவிடுங்கள். கூடவே ஒன்று: அதே பக்கத்தில் கீழே சின்னதாகப் போட்ட இரண்டாவது படம் உண்மையான டி-55தான். அதன் புகைவாயில் வெள்ளைப் புகை திட்டுத் திட்டாக வருகிறது. இஞ்செக்டர் சரியில்லை, அதை அப்படியே ஓட்டிப் போயிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ வாகன மெக்கானிக் ஒருவர்